செட்டிநாட்டு வெக்கையில் சிறிய பவளத் தொட்டி: எல்இடி விளக்கை நாமே தெரிந்தெடுத்து அமைக்கும் முறை

கடல்நீர்த் தொட்டியில் பவளம் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் விளக்கைப் பற்றி விசாரிக்கும்போது, எத்தனை வாட் வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்தில் இருப்பவர்கள் அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளிவைப்பது நல்லது. சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியை ஒட்டி அடிக்க, மின்விசிறி ஓடும் அறைக்குள்ளேயே 34, 35 டிகிரி நிற்கும் ஊர் நம்முடையது. விளக்கிலிருந்து கிளம்பும் வெப்பம் எங்கே போய்ச் சேரும், அந்தச் சூட்டில் தொட்டிக்குள் இருக்கும் உயிர் எவ்வளவு ஒளியைத் தாங்கும் என்ற இரண்டையும் தீர்மானித்த பிறகே வாட் கணக்குக்கு வர வேண்டும். அந்த வரிசையில் யோசித்துச் செய்தால், நாமே அமைக்கும் விளக்கு விலை உயர்ந்த ஆயத்த விளக்கைவிட நம் ஊருக்குப் பொருத்தமாக அமையும். ஏனென்றால் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத்தின் அளவையும், எல்இடிக்குச் செலுத்தும் மின்னோட்டத்தையும் நம் கோடையை மனத்தில் வைத்து நாமே முடிவுசெய்ய முடிகிறது.

இந்தக் கட்டுரையில் கணக்குப் போடுவதற்கு 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள, அதாவது நாம் இரண்டடித் தொட்டி என்று சொல்லும் 54 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்கிறேன். வேறு அளவில் தொட்டி வைத்திருப்பவர்கள் இதே வழியில் தங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளலாம்.

ஒளியும் சூடும் சேர்ந்தே வேலை செய்கின்றன

பவளம் ஒரு விலங்கு. அதன் திசுக்களுக்குள் சூக்சாந்தெல்லே எனப்படும் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன; அவை ஒளிச்சேர்க்கையால் ஆக்கும் சர்க்கரையில் பெரும்பங்கு பவளத்துக்கு உணவாகப் போய்ச் சேருகிறது. ஆகவே நாம் தொட்டிக்கு மேல் தொங்கவிடும் விளக்கு அலங்காரத்துக்கு உரியதன்று. அது பவளத்துக்குச் சோறு போடுகிறது. ஆனால் அந்தப் பாசிகளால் ஓரளவுக்குத்தான் ஒளியைப் பயன்படுத்த முடியும். நீரின் வெப்பம் ஏறஏற அந்த அளவு குறைகிறது. செலவாகாத ஒளி, பாசிக்குள் தீங்கு செய்யும் ஆக்சிஜன் சேர்மங்களை உண்டாக்க, பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியையே வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் வெளுத்து நிற்கும் அந்த நிலையைத்தான் வெளிறல் என்கிறோம். நமக்கு அருகிலுள்ள மன்னார் வளைகுடாவில் 1998, 2010, 2016 ஆம் ஆண்டுகளில் கோடைக் கடல் சூடேறியபோது பெரிய அளவில் வெளிறல் ஏற்பட்டது. அத்தனை பெரிய கடலுக்கே நேர்வது, 54 லிட்டர் தொட்டிக்கு இன்னும் விரைவாக நேரும்.

இதிலிருந்து விளக்குத் தெரிவுக்குக் கிடைக்கும் பாடம் முக்கியமானது. 26 டிகிரி நீரில் பவளம் மகிழ்ச்சியாக ஏற்றுக்கொள்ளும் ஒளியே 31 டிகிரி நீரில் அதற்கு நஞ்சாக மாறலாம். குளிர்நாட்டில் இருப்பவர் எழுதிய ஒளி அளவுகளை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே விளக்கமைக்கக் கூடாது. பெரும்பாலான பவளங்களுக்கு 24 முதல் 27 டிகிரி வரை ஏற்றது; 30க்கு மேல் பல நாட்கள் நீடித்தால் ஆபத்து. நீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க வசதி இல்லாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சிறு விசிறி வைத்து இரண்டு, மூன்று டிகிரி குறைக்கலாம். கடற்கரை ஊர்களைவிட நம் பகுதியில் கோடைக்காற்று வறண்டிருப்பதால் இந்த முறை இங்கே நன்றாகவே வேலை செய்கிறது; ஆவியாகும் நீருக்கு ஈடாக உப்பில்லாத ஆர்ஓ நீரை அன்றாடம் சேர்த்துவர வேண்டும். எனினும் விளக்கு தன் பங்குக்குச் சூட்டை ஏற்றாமல் இருப்பதும், கோடையில் அடக்கி வைக்கக்கூடியதாக இருப்பதும் சில்லர் இருக்கும் வீட்டுக்கும் பொருந்தும் நிபந்தனைகள்.

எந்தப் பவளத்துக்கு விளக்கு?

பவளத்தை முடிவுசெய்யாமல் விளக்கை முடிவுசெய்ய முடியாது. ராமேஸ்வரமும் மண்டபமும் நமக்கு அருகில் இருப்பதால், தெரிந்தவர்கள் மூலம் கடலிலிருந்தே ஒரு துண்டு எடுத்துவரலாமே என்ற எண்ணம் சிலருக்கு வருகிறது. அது கூடவே கூடாது. பாறை கட்டும் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றவை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமல்ல, பலமுறை வெளுத்துத் தேறிக்கொண்டிருக்கும் ஒரு பாறைத்தொடரிலிருந்து ஒரு விரலளவு கிளையைக்கூட ஒடிக்க நமக்கு மனம் வரக் கூடாது.

கடைக்காரர்கள் மஷ்ரூம், ஜோவா, லெதர் என்று அழைக்கும் மென்பவள வகைகளை, ரசீதும் உரிய ஆவணங்களும் தரும் விற்பனையாளரிடமிருந்து, முடிந்தால் தொட்டியிலேயே வளர்த்துப் பெருக்கிய துண்டுகளாக வாங்குவதே சரியான வழி. இந்த வகைகள் மிதமான ஒளியில் வளர்பவை. வெப்ப ஏற்ற இறக்கத்தையும் கற்பவளங்களைவிடப் பொறுமையாகத் தாங்குகின்றன. செட்டிநாட்டில் முதல் தொட்டி வைப்பவருக்கு நான் வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

எவ்வளவு ஒளி?

பவளத்துக்குப் போய்ச் சேரும் ஒளியை லூமென் கணக்கிலோ லக்ஸ் கணக்கிலோ அளப்பது ஏமாற்றத்தில் முடியும். அந்த அளவுகள் மனிதக் கண்ணின் உணர்வை ஒட்டி அமைந்தவை. நம் கண் பச்சைக்கும் மஞ்சளுக்கும் கூர்மையானது, பவளத்துக்குத் தேவையான நீலத்துக்கு மந்தமானது. ஆகையால் நீல எல்இடி மிகுந்த விளக்கு லக்ஸ் மானியில் குறைவாகக் காட்டும். பவளமோ திகட்டிப்போய் நிற்கும். ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு விநாடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) விழுகின்றன என்பதே சரியான அளவு. இதை ‘பார்’ (PAR) அளவு என்று சொல்கிறார்கள். நடுப்பகல் வெயிலில் இது சுமார் 2,000. மஷ்ரூம், ஜோவா, லெதர் வகைகளுக்கு 50 முதல் 150 வரை போதும். கிளைவிட்டு வளரும் கற்பவளங்களுக்கே 200 முதல் 350 வரை தேவைப்படும்.

நம் தொட்டிக்குச் சராசரி 100 என்று வைத்துக்கொள்வோம். தொட்டியின் பரப்பு 0.6 மீட்டரை 0.3 மீட்டரால் பெருக்கினால் 0.18 சதுர மீட்டர். ஆகவே பவளங்கள் இருக்கும் மட்டத்துக்கு விநாடிக்கு 18 மைக்ரோமோல் வந்துசேர வேண்டும். பக்கவாட்டில் சிதறுவது, நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்புவது, விளக்கை மூடியிருக்கும் அக்ரிலிக்கிலும் கண்ணாடியிலும் நீரிலும் உறிஞ்சப்படுவது என்று பாதி போய்விடும் எனக் கொண்டால், விளக்கிலிருந்து 36 மைக்ரோமோல் புறப்பட வேண்டும்.

இனிதான் தரத்தின் வேறுபாடு தெரியும். பெயர் தெரியாத மலிவு எல்இடி ஒரு வாட் மின்சாரத்துக்கு விநாடிக்குச் சுமார் 1.2 மைக்ரோமோல் தருகிறது. கிரீ, ஓஸ்ராம், லூமிலெட்ஸ் போன்ற நிறுவனங்களின் நல்ல ராயல் ப்ளூ என்ற அடர்நீல எல்இடி 2.2 வரை தருகிறது. முதல் வகையில் நமக்கு 30 வாட் தேவைப்படும். இரண்டாவது வகையில் 16 வாட்டில் அதே ஒளி கிடைக்கும். மின்கட்டணத்தில் இது பெரிய தொகை அன்று. ஆனால் ஒளியாக மாறாத மின்சாரம் முழுவதும் வெப்பமாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மலிவு எல்இடிகள் 30 வாட்டில் ஏறக்குறைய 20 வாட்டைச் சூடாகக் கக்கும். நல்லவை எட்டு வாட்டோடு நிறுத்திக்கொள்ளும். வெளியூர்க்காரர் விலையைப் பார்த்து மலிவானதை வாங்கலாம். நம் ஊரில் அந்தப் பன்னிரண்டு வாட் வேறுபாட்டுக்காகவே நல்ல எல்இடி வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

‘மூன்று வாட்’ என்று விற்கப்படும் எல்இடியை 700 மில்லி ஆம்பியரில் ஓட்டலாம் என்று விற்பவர் சொல்வார். நாம் 500 மில்லி ஆம்பியரோடு நிறுத்த வேண்டும். நீல, வெள்ளை எல்இடிகள் ஒவ்வொன்றும் சுமார் 3.1 வோல்ட் எடுப்பதால், அந்த மின்னோட்டத்தில் ஒன்று சுமார் ஒன்றரை வாட் செலவழிக்கும். பன்னிரண்டு வாங்கினால் 18 வாட்டுக்குச் சற்று மேல் வருகிறது. நமக்குத் தேவையான 16 வாட்டுக்கு அது போதும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். எல்இடியை அதன் எல்லைக்குக் கீழே ஓட்டும்போது ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் ஒளியும் கூடுகிறது, ஆயுளும் நீள்கிறது. பின்னாளில் கூடுதல் ஒளி கேட்கும் பவளம் வைக்க நேர்ந்தால் மின்னோட்டத்தை ஏற்றவும் இடம் இருக்கும்.

எந்த நிறம்?

கடல்நீர் சிவப்பை முதல் சில மீட்டர்களிலேயே விழுங்கிவிடுகிறது. ஆழத்துக்குப் போய்ச் சேருவது நீலம். பவளத்தின் பாசிகளில் உள்ள குளோரோஃபில் வகைகள் 430 முதல் 460 நானோமீட்டர் வரையிலான ஒளியையும், பெரிடினின் என்ற நிறமி 470 முதல் 550 வரையிலான ஒளியையும் நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. எனவே 445 முதல் 455 நானோமீட்டர் வரையுள்ள ராயல் ப்ளூ நம் விளக்கின் முதுகெலும்பு. அலங்கார விளக்குகளில் வரும் சாதாரண நீலம் 465, 470 நானோமீட்டர்ப் பக்கம் இருப்பது. வாங்கும்போது நிறத்தின் பெயரோடு நின்றுவிடாமல் நானோமீட்டர் எண்ணையும் கேட்டு வாங்க வேண்டும்.

பன்னிரண்டில் ஆறு ராயல் ப்ளூ, மூன்று 6,500 கெல்வின் வெள்ளை, மூன்று 415 முதல் 420 நானோமீட்டர் ஊதா என்பது நான் பரிந்துரைக்கும் கலவை. வெள்ளை எல்இடி நீல எல்இடியின் மேல் பாஸ்பர் என்ற ஒளிர்பொருளைப் பூசிச் செய்யப்படுவதால் பச்சை, மஞ்சள், கொஞ்சம் சிவப்பு எல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். தனியாகச் சிவப்பு எல்இடி சேர்க்கத் தேவையில்லை. சிவப்பு மிகுந்தால் கண்ணாடியிலும் பாறையிலும் வேண்டாத பாசிக்குத்தான் கொண்டாட்டம். ஊதா, பவளத்தின் நிறமிகளை ஒளிர வைப்பதில் சிறந்தது. வளர்ச்சிக்கு அது கட்டாயம் இல்லை, செலவைக் குறைக்க விரும்புவோர் அதற்குப் பதில் இன்னும் மூன்று ராயல் ப்ளூ வைக்கலாம். 400க்குக் கீழே உள்ள புறஊதா எல்இடிகளை வாங்க வேண்டாம், கண்ணுக்குக் கேடு. ராயல் ப்ளூவையும் நேராக உற்றுப் பார்க்கக் கூடாது, குழந்தைகள் கண்மட்டத்தில் விளக்கின் அடிப்பக்கம் தெரியாதபடி அமைக்க வேண்டும்.

நிறங்களைத் தனித்தனியே தூரத்தில் வைத்தால் தொட்டியின் தரையில் நீலம் ஒருபக்கம், வெள்ளை ஒருபக்கம் என்று நிழல்கள் பிரிந்து ஆடும். நான்கு எல்இடிகளை நெருக்கி ஒரு கொத்தாக்கி, ஒவ்வொரு கொத்திலும் இரண்டு ராயல் ப்ளூ, ஒரு வெள்ளை, ஒரு ஊதா வருமாறு வைத்து, மூன்று கொத்துகளைத் தொட்டியின் நீளத்தில் சம இடைவெளியில் அமைத்தால் நிறம் நன்றாகக் கலக்கும். ஓரடி ஆழத் தொட்டிக்கு லென்ஸ் தேவையே இல்லை. லென்ஸ் போட்டால் ஒளி ஒரே இடத்தில் குவிந்து, அதற்கு நேர் கீழே உள்ள பவளம் வெந்துபோக, ஓரத்தில் உள்ளது வாடும்.

ட்ரைவரும் அடாப்டரும்

எல்இடிக்கு வேண்டியது நிலையான மின்னோட்டம். நிலையான வோல்ட்டேஜ் அன்று. எல்இடி சூடாகும்போது அது கேட்கும் வோல்ட்டேஜ் சற்றுக் குறைகிறது. நேரடியாக அடாப்டரில் இணைத்திருந்தால் அப்போது மின்னோட்டம் ஏறும், அதனால் மேலும் சூடாகும், முடிவில் கருகும். இடையில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ட்ரைவர் இருப்பது அதற்காகத்தான். மீன்வெல் நிறுவனத்தின் எல்டிடி-500எச் போன்ற சிறு ட்ரைவர்கள் 500 மில்லி ஆம்பியரைச் சீராகத் தருகின்றன. 9 முதல் 56 வோல்ட் வரை உள்ளீடு ஏற்கின்றன. மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் பிடபிள்யூஎம் துடிப்பு கொடுத்து ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருக்கிறது. காரைக்குடியில் கிடைக்காவிட்டால் இணையத்தில் வாங்கலாம், அல்லது சென்னை போகிறவர்களிடம் ரிச்சித் தெருவில் வாங்கிவரச் சொல்லலாம்.

ஆறு ராயல் ப்ளூவை ஒரு வரிசையாகவும், மூன்று வெள்ளை மூன்று ஊதாவை இன்னொரு வரிசையாகவும் தொடரில் இணைத்து, வரிசைக்கு ஒரு ட்ரைவர் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு வரிசையும் சுமார் 19 வோல்ட் எடுக்கும். ட்ரைவருக்கு அதைவிடச் சில வோல்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதால் 24 வோல்ட் அடாப்டர் சரியாகப் பொருந்துகிறது. ஆர்ஓ குடிநீர் எந்திரங்களில் இருப்பது இதே 24 வோல்ட் அடாப்டர்தான். ஆர்ஓ சர்வீஸ் செய்யும் எந்தக் கடையிலும் இரண்டரை ஆம்பியர் அடாப்டர் கிடைக்கும். 60 வாட் தாங்கும் அதில் நாம் 20 வாட்தான் எடுக்கப்போகிறோம். இந்தியத் தர அமைப்பான பிஐஎஸ் முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஊர்ப்புறத்தில் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் வீடுகளில், 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று முகப்பில் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எலக்ட்ரிகல் கடைகளில் 50 வாட், 100 வாட் என்று மிக மலிவாக விற்கும் டிஓபி எல்இடி பலகைகளில் ட்ரைவர் அந்தப் பலகையிலேயே இருக்கும். 230 வோல்ட் மின்சாரம் நேராக அதற்கு வரும். அதைத் தூக்கி உப்பு நீருக்கு மேல் தொங்கவிடுவது உயிரோடு விளையாடுவதாகும். நாம் அமைக்கும் விளக்கில் தொட்டிக்கு மேலே 24 வோல்ட்டுக்கு மேல் எதுவும் வராது. அடாப்டரைத் தொட்டியின் மட்டத்துக்கு மேலே, பக்கவாட்டில் வைத்து, வயர் ஒருமுறை கீழே தொங்கி ஏறிப் பிளக்குக்குப் போகும்படி விட்டால், வயரில் வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். தொட்டியின் இணைப்புகள் எல்லாம் மின்கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகவே வர வேண்டும். பழைய வீடுகளில் வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை காட்டி எர்த் சரியாக இருப்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அலுமினியம்

வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க்தான் நம் ஊர் விளக்கின் உயிர்நாடி. தட்டையான அலுமினியப் பட்டை 45 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம் என்று வைத்தால், எட்டு, ஒன்பது வாட் வெப்பத்துக்கு அது அறையின் வெப்பத்தைவிடச் சுமார் 15 டிகிரி கூடுதலாக நிற்கும். அறை 36 டிகிரி என்றால் அலுமினியம் 51. அதே பட்டையில் மலிவு எல்இடிகளின் 20 வாட் வெப்பத்தை ஏற்றினால் 65ஐத் தாண்டிவிடும். உள்ளே எல்இடி சில்லு அதைவிட அதிகமாகச் சூடேறியிருக்கும். துடுப்புகள் (வரிசையாக நிற்கும் மெல்லிய தகடுகள்) உள்ள ஹீட் சிங்க்கை அதே நீளத்தில் வாங்கினால் பரப்பு இரண்டு, மூன்று மடங்காகி, ஏற்றம் ஏழெட்டு டிகிரியாகக் குறையும். துடுப்புகள் மேலே பார்த்து இருக்க வேண்டும். மேலே பலகை போட்டு மூடி அழகு பார்க்கக் கூடாது, சூடான காற்று மேலெழுந்து போக வழி வேண்டும். பழைய யூபிஎஸ், ஆம்ப்ளிஃபையர் பிரித்து விற்கும் கடைகளில் இத்தகைய அலுமினியம் எடைக்குக் கிடைப்பதுண்டு.

சூட்டைச் சோதிக்கக் கருவி வேண்டியதில்லை. விளக்கு ஒரு மணி நேரம் எரிந்த பிறகு, ஒரு கொத்துக்கு நேர் மேலே துடுப்பின் அடியில் விரல் நுனியை வையுங்கள். பத்து விநாடி பதறாமல் வைத்திருக்க முடிந்தால் நல்லது. இரண்டு, மூன்று விநாடியில் தானாகவே விரல் எடுபட்டால் 55 டிகிரிக்கு மேல் போய்விட்டது என்று பொருள். மின்னோட்டத்தைக் குறையுங்கள், அல்லது 12 வோல்ட் கணினி விசிறி ஒன்றைத் துடுப்புகளின் ஒரு முனையில் வைத்து நீளவாக்கில் காற்று ஓடச் செய்யுங்கள். விசிறி நீர்ப்பரப்பின் ஈரக் காற்றை உறிஞ்சாதபடி அறைப்பக்கம் பார்த்திருக்க வேண்டும்.

மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரி இருக்கும் காரைக்குடிக்காரர்களுக்கு அரிமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உப்புக் காற்றில் உலோகங்கள் என்ன ஆகின்றன என்பதை மண்டபத்தில் நிலையம் வைத்தே அந்நிறுவனம் ஆராய்ந்துவருகிறது. உப்புத் துளி தெறிக்கும் இடத்தில் வெறும் அலுமினியம் வெண்பொடி பூக்கும். அனோடைஸ் செய்த, அதாவது மேல்பரப்பில் காப்புப் படலம் ஏற்றிய அலுமினியம் வெகுநாள் தாங்கும். திருகுகள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். பித்தளைத் திருகும் செம்பு வாஷரும் வேண்டவே வேண்டாம்: செம்பின் சிறு அளவு நீரில் கரைந்தாலும் முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்கு அது விஷம். எல்இடிகளுக்குக் கீழே மூன்று மில்லிமீட்டர் தெளிந்த அக்ரிலிக் தகடு ஒன்றைச் சிறு இடைவெளி விட்டுப் பொருத்தினால் தெறிக்கும் உப்பு அதோடு நின்றுவிடும்.

பொருத்துதல்

எல்இடிகளை ஸ்டார் எனப்படும் சிறு அலுமினியப் பலகையில் ஏற்றியதாகவே வாங்குங்கள். பொருத்துவதற்கு முன் ஒவ்வொன்றையும் இரண்டு பென்டார்ச் பேட்டரிகளைச் சேர்த்துத் தொட்டுப் பார்த்தால், நல்ல நீல எல்இடி மங்கலாகவாவது ஒளிரும். நேர்முனை எது என்பதும் தெரிந்துவிடும். ஸ்டார் பலகை வெப்பத்தை உடனே இழுத்துக்கொள்வதால், ஹீட் சிங்க்கில் ஒட்டிய பிறகு சோல்டரிங் செய்வது சிரமம். முதலில் மேசையில் வைத்து, ஒவ்வொரு முனையிலும் ஈயம் உருகிக் குமிழாகப் பளபளக்கும்படி ஏற்றிவிடுங்கள். வயர் நுனிகளுக்கும் அப்படியே. பிறகு வெப்பக் களிம்பை மெல்லிய படலமாகத் தடவி, ஸ்டாரை அழுத்தி, இரண்டு திருகுகளால் இறுக்கி, 40 அல்லது 60 வாட் சோல்டரிங் இரும்பால் வயரைத் தொட்டால் நொடியில் பிடித்துக்கொள்ளும். களிம்பைத் தடிமனாக அப்பினால் அது வெப்பத்தைக் கடத்துவதற்குப் பதில் தடுக்கும்.

எல்லாம் முடிந்ததும் மல்டிமீட்டரின் ஒரு முனையை எல்இடி முனையிலும் மறுமுனையை அலுமினியத்திலும் வைத்துச் சோதியுங்கள். தொடர்பு இருக்கவே கூடாது. பன்னிரண்டையும் சோதித்த பிறகுதான் மின்சாரம் கொடுக்க வேண்டும். ட்ரைவருக்கு மின்சாரம் இருக்கும்போது எல்இடி வரிசையைக் கழற்றி மாட்டக் கூடாது. அந்த ஒரு கணத் தாவலில் வரிசை முழுவதும் போய்விடலாம்.

வீட்டில் வைக்கும் இடம்

செட்டிநாட்டு வீடுகளில் வளவில் தொட்டி வைக்கத் தோன்றும். வெளிச்சமும் அழகும் அங்கேதான். ஆனால் வளவின் திறந்த வானத்திலிருந்து சாய்ந்து விழும் வெயில் அரை மணி நேரம் பட்டாலும் நாம் இத்தனை கவனமாகப் போட்ட கணக்கு பொய்த்துவிடும், நீரும் சூடேறும். தடித்த சுவர்கள் சூழ்ந்த உள்ளறையோ, வெயில் எட்டாத இரண்டாங்கட்டுப் பத்தியோதான் ஏற்ற இடம். அங்கே கோடையிலும் வெப்பம் மெதுவாகவே ஏறி இறங்குகிறது. உயர்ந்த மச்சிலிருந்து விளக்கைத் தொங்கவிடுவது நடவாது. கண்ணாடிபோல் மெருகேற்றிய பழைய சுண்ணாம்புப் பூச்சில் துளை போட்டுக் கொக்கி அடிப்பதும் நியாயமன்று, அந்த வேலைப்பாட்டை மீண்டும் செய்ய ஆள் கிடைப்பது அரிது. தொட்டியின் தாங்கியிலேயே அலுமினியக் குழாயால் ஒரு வளைவு நிறுத்தி அதில் விளக்கை ஏற்றி இறக்கும்படி மாட்டுங்கள். நீர்ப்பரப்பிலிருந்து 20 செ.மீ. உயரத்தில் தொடங்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையானால் தாங்கிக்குக் கீழே ரப்பர் விரிப்புப் போட்டு, சிந்தும் உப்பு நீரை உடனே துடைக்க வேண்டும்.

தொட்டியில் நீர் ஊற்றும் முன்பே ஒளி சமமாகப் பரவுகிறதா என்று பார்த்துவிடலாம். கைபேசியிலுள்ள லக்ஸ் செயலி, பார் அளவைச் சொல்லாவிட்டாலும், ஒரே விளக்கின் கீழ் இடத்துக்கு இடம் உள்ள வேறுபாட்டைக் காட்டும். காலித் தொட்டியின் தரையில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் கைபேசியை வைத்துப் பாருங்கள். மூலைகளில் நடுவிலுள்ளதில் பாதியாவது இருந்தால் போதும். அதற்கும் குறைவென்றால் விளக்கைச் சற்று உயர்த்த வேண்டும். அதிக ஒளி விழும் இடத்தில் லெதரையும், ஓரத்தில் மஷ்ரூமையும் வைக்கலாம்.

எரியவிடுவது

புதுப் பவளம் வந்த முதல் வாரத்தில் விளக்கை 30 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். வாரத்துக்குப் பத்து சதவீதம் ஏற்றி, 70ஐ ஒட்டி நிறுத்திப் பவளத்தைக் கவனியுங்கள். மஷ்ரூமின் விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு கிண்ணம்போல் ஆவதும், நடுப்பகுதியின் நிறம் நாளுக்கு நாள் வெளிறுவதும், பகல் முழுவதும் சுருங்கியே கிடப்பதும் ஒளி மிகுந்துவிட்டதைச் சொல்கின்றன. ஜோவாவின் தண்டுகள் நீண்டு ஒளியைத் தேடி எட்டிப் பார்ப்பதும், மஷ்ரூம் தன் இயல்பைவிட அகலமாக விரிந்து மெலிவதும் ஒளி போதாமைக்கு அடையாளங்கள். சந்தேகம் வந்தால் குறைப்பதே பாதுகாப்பு: ஒளி குறைந்த பவளம் மெதுவாக வாடும், திருத்திக்கொள்ள வாரங்கள் இருக்கும், ஒளி மிகுந்த பவளம் இரண்டு நாளில் வெளுத்துவிடும்.

நேரத்தைத் தீர்மானிக்கும் முன், ஒரு வாரம் காலை, பிற்பகல், மாலை, இரவு என்று தொட்டி நீரின் வெப்பத்தைக் குறித்துவைக்க வேண்டும். தடித்த சுவர் வீடுகளில் நீர் பெரும்பாலும் பிற்பகல் கழிந்து அந்தி நெருங்கும்போதே உச்சம் தொடுகிறது. முழு ஒளி அந்த நேரத்தில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். நீல வரிசையை மாலை 5 முதல் இரவு 12 வரையும், வெள்ளை வரிசையை 7 முதல் 11 வரையும் ட்ரைவருக்கு முன்னால் வரிசைக்கு ஒன்றாக வைத்த இரண்டு 24 வோல்ட் டைமர்களில் விட்டால் போதும். உதயம், அஸ்தமனம் காட்டும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பார்க்க அழகு, பவளத்துக்கு அவை இல்லாவிட்டாலும் குறையில்லை. வேலை முடிந்து வீட்டார் உட்கார்ந்து பார்க்கும் நேரமும் அதுவே. மின்தடை வந்தால் விளக்கு அணைந்திருக்கட்டும். இன்வெர்ட்டரில் நீரைச் சுழற்றும் மோட்டாரை மட்டும் இணையுங்கள். ஒரு நாள் இருட்டைப் பவளம் பொறுத்துக்கொள்ளும், ஆக்சிஜன் இல்லாத நீரை எந்த உயிரும் பொறுக்காது.

அக்ரிலிக் தகட்டில் வாரத்துக்கு ஒருமுறை உப்புப் படலம் படியும்; ஆர்ஓ நீரில் நனைத்த மென்துணியால் துடைக்காவிட்டால் ஒளி சத்தமில்லாமல் குறைந்துகொண்டே போகும். பல வாரம் துடைக்காமல் விட்டு ஒரேநாளில் பளிச்சென்று துடைப்பதும் பவளத்துக்கு அதிர்ச்சிதான்.

பங்குனி பிறந்ததும் ஹீட் சிங்க்கின் துடுப்புகளில் சேர்ந்த தூசியைத் தூரிகையால் தட்டி, விரல் சோதனையை மீண்டும் செய்து, ஒளியை நான்கில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள். நீர் 29 டிகிரியைத் தொடும் நாட்களில் வெள்ளை வரிசையை அறவே நிறுத்திவிட்டு நீலத்தை மட்டும் ஐந்து மணி நேரம் விடலாம். ஐப்பசி மழை பிடித்து நீர் மறுபடி 27க்குக் கீழே நிலைத்ததும், முன்போல வாரத்துக்குப் பத்து சதவீதமாகப் பழைய அளவுக்கு ஏற்றிக்கொள்ளலாம்.